மர்க்கா பள்ளத்தாக்கு ஹோம்ஸ்டே நடை: ஹன்கர் வரை நம்பிப் போகலாம், நிமாலிங்குக்கு ஒரு நாள் கூடுதலாகக் கேளுங்கள்

லடாக்கில் கூடாரம், அடுப்பு, சமையல்காரர் என்று எதையும் சுமக்காமல் பல நாள் நடக்கக்கூடிய பாதைகள் குறைவு. அவற்றில் மர்க்காதான் முதலிடம். ஜான்ஸ்கர் ஆற்றங்கரையில் உள்ள சில்லிங்கில் தொடங்கி மர்க்கா ஆற்றை ஒட்டியே மேலேறி, சுமார் 5,200 மீட்டர் உயரமுள்ள கோங்மாரு லா கணவாயைத் தாண்டி ஷாங் சும்தோவில் இறங்க வேண்டும். வழியில் ஹன்கர் வரை உள்ள ஊர்களில் வீடுகள்தான் விடுதி, அதற்கு மேல் நிமாலிங்கில் கூடார முகாம். இரவுச் சாப்பாடு, காலை உணவு, கையில் கட்டித் தரும் மதியப் பொதி, படுக்கை எல்லாம் ஒரே கட்டணத்தில் அடங்கும். அண்மை ஆண்டுகளில் அது ஆளுக்கு ஓர் இரவுக்கு 1,200 முதல் 1,500 ரூபாய். பருவம்தோறும் கூடுவதால் புறப்படும் முன் லே நகரில் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இந்த விலைக்கு அந்த வீடுகளில் குறை சொல்ல அதிகம் இல்லை. குறை, லே கடைத்தெருவில் இந்த நடையைத் தொகுப்பாக விற்கும் நாள் கணக்கில்தான்.

முதலில் வீடுகள். இந்த ஏற்பாடு 2000களின் தொடக்கத்தில், ஸ்னோ லெபர்ட் கன்சர்வன்சி அமைப்பின் முயற்சியால் லடாக் ஊர்களில் வேர்விட்டது. பள்ளத்தாக்கு இருப்பது 1981இல் உருவான ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள். பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்து ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஆட்டுக்காரர் கோபத்தில் சிறுத்தையைக் கொல்வார். பயணிகள் மூலம் வீட்டுக்கு வருமானம் வந்தால் இந்தப் பகை தணியும் என்பதுதான் கணக்கு. பட்டிகளுக்கு மேலே கம்பிவலை போட்டு அடைத்ததும் இதே முயற்சியின் இன்னொரு பாதி. விருந்தினர் முறை வைத்து வீடு வீடாகப் பிரிந்து போவது பல ஊர்களில் வழக்கம். ஆகவே, 'அந்த வெள்ளை வீடுதான் வேண்டும்' என்று பிடிவாதம் பிடிக்காமல், முறை யாருடையதோ அங்கே போவது மரியாதை.

தங்கும் அறை எளிமையானது: தரையில் மெத்தை, கனத்த கம்பளி, ஒரு சின்ன மேசை. கம்பளி ஆளுக்கு ஆள் மாற்றித் துவைக்கப்படுவதில்லை. துவைத்தால் காயாது என்பது ஒரு காரணம், தண்ணீர் பக்கத்து ஓடையிலிருந்து சுமந்து வருவது இன்னொன்று. உடம்பைச் சுற்றிக்கொள்ளும் மெல்லிய துணி உள்ளுறை ஒன்றை எடுத்துப் போனால் போதும், தூக்கப்பை வேண்டியதில்லை. வீட்டின் உயிர் சமையலறையில் இருக்கிறது. நடுவே பெரிய இரும்பு அடுப்பு, சுவர் முழுக்கச் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள். மாலையில் அங்கே போய் உட்காருங்கள். அறையில் அடைந்து கிடப்பவர்களுக்குக் குளிர்தான் மிச்சம். வீட்டு அம்மாவை 'அமா-லே' என்று அழைத்தால் போதும், வயதானவர்களிடம் இந்திகூட அதிகம் செல்லாது.

சாப்பாட்டில் சைவர்களுக்குக் கவலை இல்லை, இங்கே பெரும்பாலும் சைவம்தான். கோதுமை மாவைக் கட்டைவிரலால் அழுத்திக் காய்கறியோடு கொதிக்கவிடும் ஸ்கியு, துக்பா, மோமோ, பருப்புச் சோறு என்று மாறி மாறி வரும். 4,000 மீட்டரில் தண்ணீர் சுமார் 87 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் அரிசி சரியாக வேகாது. பருப்பும் சற்று நறுக்கென்றே இருக்கும். ஆற்றோரத்துக் கீழ் ஊர்களில் தோட்டத்துக் கீரை, பட்டாணி, உருளைக்கிழங்கு கிடைக்கும். மேலே ஹன்கரில் அது குறையும். மதியப் பொதிதான் இந்தச் சேவையின் பலவீனமான பகுதி: லடாக்கி ரொட்டி, கொஞ்சம் ஜாம், அவித்த முட்டை அல்லது உருளைக்கிழங்கு, ஒரு மிட்டாய். ஏழு மணி நேர நடைக்கு இது காணாது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 150 கிராம் அளவில் வறுத்த வேர்க்கடலை, பேரீச்சை, கடலைமிட்டாய் என்று ஏதாவது லேயிலேயே வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெண்ணெய் தேநீர் உப்பாக இருக்கும், உடம்புக்கு நல்லது. பார்லியைப் புளிக்கவைத்துச் செய்யும் சாங் என்ற மது அன்போடு நீட்டப்படும். கணவாயைத் தாண்டும்வரை அன்போடு மறுத்துவிடலாம்.

கழிப்பறை உலர் முறை. தரையில் ஒரு துளை, பக்கத்தில் மண்ணோ சாம்பலோ குவித்து ஒரு மண்வெட்டி. போன பிறகு இரண்டு தள்ளு மண் போட வேண்டும். கீழே சேர்வது வயலுக்கு உரம், அதனால் தண்ணீர் கொட்டக் கூடாது. ஈரமானால் நாற்றமும் வரும், உரமும் கெடும். வெறும் தாளைப் போடலாம். ஈரத்துடைப்பான்கள் மட்கவே மட்காது, அவற்றைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவருவதைத் தவிர வேறு வழியில்லை. குளியல் என்பது கேட்டால் ஒரு வாளி வெந்நீர். அந்த வெந்நீருக்கு எரியும் சாணமும் விறகும் குளிர்காலத்துக்குச் சேர்த்தவை என்பதை நினைத்தால் தினமும் கேட்கத் தோன்றாது.

இனி பாதை. சில்லிங் பாலத்திலிருந்து ஸ்கியு ஊர் மூன்று மணி நேர நடை, உயரம் சுமார் 3,400 மீட்டர். ஸ்கியுவிலிருந்து மர்க்கா ஊர்தான் நீளமான நாள்: 20 கிலோமீட்டரைத் தொடும், ஏழெட்டு மணி நேரம், ஏற்றம் அதிகமில்லை, வெயில் அதிகம். நடுவில் சாராவில் தேநீர் கிடைக்கும்; பழைய ராணுவப் பாரசூட் துணியைக் கூடாரமாக விரித்த கடைகளை இந்தப் பாதை நெடுகப் பார்க்கலாம். மர்க்காவிலிருந்து உம்லுங் வழியாக ஹன்கர் மூன்று, நான்கு மணி நேரம். வழியில் செங்குத்துப் பாறை மேல் தெச்சா மடம் தெரியும். மூச்சு அனுமதித்தால் ஏறிப் பார்க்கலாம்.

ஆற்றைக் காலால் கடக்கும் இடங்கள் உண்டு. பாலம் எந்த ஆண்டு எங்கே இருக்கும் என்பதை வெள்ளம் முடிவு செய்கிறது. பனி உருகிய நீர் பிற்பகலில் பெருகும்; காலையில் முழங்காலுக்குக் கீழே இருந்த அதே இடம் மாலை நான்கு மணிக்குத் தொடைக்கு வந்துவிடும். அதனால் விடிந்ததும் கிளம்புங்கள், நண்பகலுக்குள் கடந்துவிடுங்கள். பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் போட்டு வெறுங்காலோடு இறங்குவதுதான் அதிகம் காயம் தரும் பழக்கம்: நீர் கலங்கலாக இருப்பதால் அடியில் உள்ள கல் தெரியாது, குளிரில் கால் மரத்துவிடுவதால் பட்டதும் தெரியாது. குதிகாலில் வார் உள்ள செருப்பு வேண்டும், ரப்பர் செருப்பு முதல் இழுப்பிலேயே போய்விடும். பையின் இடுப்பு வாரை அவிழ்த்துவிட்டு, ஊன்றுகோலோடு நீரோட்டத்தைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகருங்கள்.

சிக்கல் ஹன்கருக்கு மேல். ஹன்கர் சுமார் 4,000 மீட்டர், அடுத்த இரவு போடும் நிமாலிங் சுமார் 4,800. ஒரே நாளில் 800 மீட்டர். 3,000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதே என்பது மலை மருத்துவத்தின் அடிப்படை விதி. தொகுப்பாக விற்கும் பல கால அட்டவணைகள் இதை மீறுகின்றன. முன்பு சில்லிங்கிலிருந்து நடந்தவர்களுக்கு உடம்பு பழக ஒரு நாள் கூடுதலாகவாவது கிடைத்தது. இப்போது ஸ்கியு வரை வண்டி போகிறது, அதற்கு மேலும் சாலை ஏறிக்கொண்டிருக்கிறது. அதைக் காட்டி 'மூன்று இரவில் முடித்துவிடலாம்' என்கிறார்கள்: மர்க்கா, ஹன்கர், நிமாலிங். சென்னையிலிருந்து விமானத்தில் வந்து லேயில் இரண்டு இரவு மட்டும் தூங்கியவருக்கு இது சூதாட்டம்.

உடம்பு பழகாமல் ஏறுவதால் வரும் உயர நோய் நிமாலிங்கில் முற்றினால் இன்னொரு பொறியும் காத்திருக்கிறது. அருகில் உள்ள வண்டிச் சாலை கணவாய்க்கு அந்தப் பக்கம். நள்ளிரவில் தலைவலி, வாந்தி வந்தவரை 'காலையில் கணவாயைத் தாண்டினால் கார் நிற்கும்' என்று மேலே கூட்டிப் போவது அடிக்கடி நடக்கும் தவறு. கீழே இறங்க வேண்டியவரை இன்னும் 400 மீட்டர் ஏற்றுகிறோம். தலைவலி மட்டும் என்றால் அங்கேயே ஓய்வு, முன்னேறக் கூடாது. நேர்க்கோட்டில் நடக்க முடியாத தள்ளாட்டம், பேச்சுக் குழறல், உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், நுரையோடு இருமல் — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் இருட்டைப் பார்க்காமல் ஹன்கர் பக்கம் திரும்பி இறங்க வேண்டும். குதிரைக்காரர் முகாமில் இருந்தால் குதிரையைக் கேளுங்கள். பெரிய மருத்துவமனை என்றால் லேயில் உள்ள எஸ்.என்.எம். மருத்துவமனைதான்.

தீர்வு எளிது: ஹன்கரில் இரண்டு இரவு. நடு நாளில் சுமை இல்லாமல் தாச்சுங்ட்சே என்ற முகாமிடம் வரை, சுமார் 4,250 மீட்டர், முடிந்தால் அதற்கு மேல் உள்ள சிறு ஏரிகள் வரை ஏறிவிட்டுத் திரும்பி வந்து தூங்குங்கள். காற்று இல்லாத காலையில் அந்த ஏரிகளில் காங் யாட்சே சிகரம் தலைகீழாகத் தெரியும். ஆளுக்கு ஓர் இரவுக் கட்டணம் கூடும், அவ்வளவுதான். சொந்தக் கூடாரம் வைத்திருப்பவர்கள் தாச்சுங்ட்சேயிலேயே ஓர் இரவு போடலாம், அது இதைவிட நல்லது. உயர நோயைத் தடுக்க எடுக்கும் அசட்டசோலமைடு மாத்திரை வழக்கமாக 125 மில்லிகிராம், காலை மாலை, ஏற்றம் தொடங்கும் முந்தின நாளிலிருந்து. சல்பா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. மாத்திரை போட்டுவிட்டோம் என்று அந்தக் கூடுதல் நாளை வெட்டுவதில் பொருளில்லை.

நிமாலிங் முகாம் வீடு அல்ல. பள்ளத்தாக்கு ஊர்க்காரர்கள் கோடையில் ஆடும் யாக்கும் மேய்க்கும் அகன்ற புல்வெளியில் வரிசையாகக் கூடாரங்கள், நடுவில் ஒரு சாப்பாட்டுக் கூடாரம். மெத்தையும் போர்வையும் தருவார்கள், ஆனால் கூட்டமான ஜூலை, ஆகஸ்டில் ஆளுக்கு இரண்டாவது போர்வை கிடைப்பது முந்தி வந்தவருக்குத்தான். கோடையிலும் இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும். இறகு மேற்சட்டை, கம்பளித் தொப்பி, தூங்குவதற்கென்று ஒரு ஜோடி உலர்ந்த காலுறை இந்த ஓர் இரவுக்காகவே சுமக்கத் தகுந்தவை. கழிப்பறைக் கூடாரங்கள் பருவத்தின் கடைசியில் மூக்கைச் சோதிக்கும். கீழே உள்ள வீடுகளுக்கு ஐந்தில் நாலரை கொடுத்தால் இதற்கு மூன்று.

மறுநாள் ஆறு மணிக்குள் கிளம்பினால் கணவாய் இரண்டிலிருந்து மூன்று மணி நேரம். இறக்கம்தான் அதிகம் வதைக்கும்: 1,500 மீட்டர், முதலில் வழுக்கும் செங்குத்துச் சரிவு, பிறகு குறுகிய பள்ளத்தில் ஓடையை மாறி மாறித் தாண்டும் பாதை. மேலே மழை பெய்திருந்தால் அந்தப் பள்ளத்தில் இறங்கக் கூடாது. 2010 ஆகஸ்டில் லேயை வெள்ளம் அடித்துப் போனதிலிருந்து, ஆகஸ்டு மழை லடாக்கில் விளையாட்டல்ல என்பது எல்லோருக்கும் தெரியும். ஜூன் நடுப்பகுதிக்கு முன் கணவாயில் பனி கிடக்கும். கூட்டமும் வெள்ளமும் குறைந்த செப்டம்பர் முதல் மூன்று வாரங்களுக்கே எங்கள் ஓட்டு.

வழிகாட்டி தேவையா? நிமாலிங் வரை பாதை தெளிவு. பழகியவர்கள் வரைபடத்தோடு போகலாம். முதல் முறை 5,000 மீட்டரைத் தாண்டுகிறவர்கள் உள்ளூர் வழிகாட்டியை வைத்துக்கொள்வது நல்லது, கணவாயில் மேகம் இறங்கினாலும் இரவில் ஒருவருக்கு முடியாமல் போனாலும் முடிவெடுக்க ஒருவர் வேண்டும். குதிரைக்கு நாள் கணக்கு. குதிரைக்காரர் ஊர் திரும்பும் நாட்களுக்கும் கூலி உண்டா என்பதைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். வீடுகளில் தங்குகிறவருக்குப் பை எட்டுக் கிலோவைத் தாண்டத் தேவையில்லை, அந்த எடைக்குக் குதிரை வீண்செலவு.

பணம் முழுவதும் ரொக்கமாக, சில்லறை நோட்டுகளாக லேயிலேயே எடுங்கள். லடாக்கில் வெளிமாநில ப்ரீபெய்ட் சிம் வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் பெரும்பாலும் ஊமை. செயற்கைக்கோள் தொடர்புக் கருவியை அனுமதியில்லாமல் இந்தியாவில் வைத்திருப்பது குற்றம், கொண்டுவராதீர்கள். வீடுகளில் சூரிய மின்சாரம் விளக்குக்கே சரியாக இருக்கும், 20,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் ஒன்று போதும். பூங்கா நுழைவுக் கட்டண ரசீதைக் கடைசி நாள் வரை வைத்திருங்கள். ஷாங் சும்தோவில் கார் தானாகக் கிடைக்காது. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து நாளை மாற்றிச் சொல்லவும் முடியாது. ஆகவே ஓட்டுநரோடு லேயிலேயே தேதி பேசும்போது, ஹன்கரின் அந்த இரண்டாவது இரவையும் சேர்த்தே தேதி சொல்லுங்கள்.