கைவிடப்பட்ட சாலையோரத்துக்கு எந்த பிலிம்?

டெக்சஸ், நியூ மெக்சிகோ எல்லையில் இருக்கிறது கிளென்ரியோ. அமெரிக்காவின் 66-ஆம் எண் சாலையை நம்பிப் பிழைத்த ஊர். நியூ மெக்சிகோவில் பெட்ரோல் வரி அதிகம், அதனால் பெட்ரோல் பங்க்குகள் டெக்சஸ் பக்கம். டெக்சஸ் பக்கத்து மாவட்டத்தில் மதுவிலக்கு, அதனால் மதுக்கடைகள் நியூ மெக்சிகோ பக்கம். 1970களில் புதிய 40-ஆம் எண் இன்டர்ஸ்டேட் விரைவுச்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனது. 1985-இல் 66 என்ற எண்ணே நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீங்கியது. பழைய ஊரில் இப்போது பெரும்பாலும் ஓடாத மோட்டலும் உதிரும் சுவர்களும்தான் மிச்சம்.

இப்படிப்பட்ட இடங்களுக்கு பிலிம் கேமராவோடு போகிறவர்களில் பலர் கையில் கோடக் போர்ட்ரா 400 என்ற வண்ண பிலிம் இருக்கும். காரணம் இருக்கிறது. இது நெகட்டிவ் (ஒளியும் நிறமும் தலைகீழாகப் பதியும் பிலிம்), ஒளி இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) கூடினாலும் படம் தேறிவிடும். வெளியே நடுப்பகல் வெயில், உள்ளே இருண்ட அறை, இரண்டும் ஒரே ஃப்ரேமில் வரும். வண்ண நெகட்டிவுக்கான சி-41 முறையில் கழுவித் தரும் லேப்களும் பிலிம் லேப்களில் அதிகம். ஆனால், ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்து, ஸ்கேனில் வெளிறவைக்கும் அந்த இளஞ்சிவப்புச் சாயல் இருக்கிறதே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. இப்போதைய போர்ட்ரா 400 வந்ததே 2010-இல். நாம் பழசு என்று உருகுவது இந்தக் காலத்து ரசனையை.

அந்தச் சாலை கலகலப்பாக இருந்த காலத்தில் வண்ணப்படம் என்றால் பெரும்பாலும் ஸ்லைடு (நிறம் நேராகவே பதிந்து, திரையில் காட்டும் பிலிம்), அதிலும் கோடக்கின் கோடாக்ரோம். அடர்ந்த சிவப்பு, ஆழ்ந்த நீலம். 1970களிலிருந்து சாலையோரக் கட்டடங்களைத் தேடித் தேடி எடுத்த ஜான் மார்கோலிஸின் 11,000-க்கும் மேற்பட்ட வண்ண ஸ்லைடுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கின்றன. பாருங்கள்: நீல வானம், நல்ல வெயில், சோகம் பூசாத நேர்ப்பார்வை. ஏக்கத்தை பிலிம் ஊட்டவில்லை, கட்டடமே ஊட்டுகிறது.

கோடாக்ரோம் 2009-இல் நின்றது. அதைக் கழுவிய கடைசி லேபும் 2010 இறுதியோடு நிறுத்திக்கொண்டது. இன்று அதற்கு நெருக்கம் 2018-இல் திரும்பி வந்த கோடக்கின் ஸ்லைடு பிலிம் எக்டாக்ரோம் இ100. நீலத்தில் சற்றுக் குளிர்ச்சி, ஆனால் துருவும் உரிந்த பெயின்டும் துல்லியம். தொல்லைகளும் உண்டு. அரை ஸ்டாப் தவறினாலே வெளிச்சப் பகுதி வெளுத்துவிடும், இருண்ட அறையை மறந்துவிட வேண்டியதுதான், ஸ்லைடுக்கான இ-6 முறையில் கழுவும் லேப்கள் குறைவு, விலையும் கூடுதல். இருந்தாலும் என் முதல் ரோல் இதுதான். காலைச் சாய்வெயிலில், வெளிச்சப் பகுதிக்கு ஒளி அளந்து எடுத்தால் போதும். உள்ளறைக்கு மட்டும் போர்ட்ரா.

கோடக்கின் கறுப்பு வெள்ளை பிலிம் ட்ரை-எக்ஸ்? மலிவு, வீட்டிலேயே கழுவலாம், சுவரின் சொரசொரப்பு அருமையாக வரும். ஆனால் கறுப்பு வெள்ளையில் இந்த இடங்கள் 1930களுக்குப் போய்விடுகின்றன. வறட்சியில் ஊர் பெயர்ந்தவர்களைப் புகைப்படக்காரர் டொரோதியா லாங் படம் எடுத்த காலம் அது. பளபளக்கும் போர்டு மாட்டிய மோட்டலின் காலம் வேறு.

அப்புறம் சினிஸ்டில் 800டி. சினிமா பிலிமின் பின்பூச்சை நீக்கி விற்பதால் விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் படரும். நியானுக்கு அழகு. ஆனால் பாழடைந்த மோட்டலில் நியான் ஏது? அதற்குக் கிளென்ரியோவிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் மேற்கே டுகும்காரி போக வேண்டும். அங்கே ப்ளூ ஸ்வாலோ மோட்டல் இன்னும் விளக்கேற்றி அறை வாடகைக்கு விடுகிறது.