14 ஆண்டுகள் புழங்கிய எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடம்

பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, கடலோரத்தை ஒட்டிய எங்கள் ஊரின் சமுதாயக் கூடத்தில் மராமத்து முடிந்து சென்ற மாதம் திறந்துவிட்டார்கள். அதைக் கேள்விப்பட்ட நண்பர் ஒருவர், தம் மகளின் வளைகாப்பை அங்கே நடத்தலாமா என்று கேட்டார். 14 ஆண்டுகளாக அந்தக் கூடத்தில் உண்டும் உறங்கியும் வாதாடியும் வந்த என்னால் ஒற்றை வரியில் பதில் சொல்ல முடியவில்லை.

வாடகை, சமையல்கட்டு, தண்ணீர் வசதி எதிலும் எனக்குக் குறையில்லை. நகரத்து மண்டபத்துக்குக் கட்டும் முன்பணத்தில் இங்கே ஒரு காதுகுத்தையே முடித்துவிடலாம். என் மனத்தாங்கல் எல்லாம் எதிரொலி ஒன்றைப் பற்றியதுதான். கூரை உயரமான கான்கிரீட். சுவர்கள் நேருக்கு நேர் நிற்கும் வழவழப்பான பூச்சு. ஒலியை வாங்கிக்கொள்ள உள்ளே எதுவுமில்லை. மைக்கில் பேசுபவரின் முதல் சொல் கூரையில் முட்டித் திரும்பி அடங்குவதற்குள் இரண்டாம் சொல் புறப்பட்டுவிடுகிறது. இரண்டும் நடுக்கூடத்தில் ஒன்றோடொன்று குழம்புகின்றன.

கல்யாணத்தில் இது தெரிவதில்லை. 400 பேர் பட்டும் பருத்தியுமாக நெருங்கி உட்கார்ந்திருக்கும்போது அவர்களே ஒலியை உறிஞ்சிக்கொள்கிறார்கள். தவிலின் ஒவ்வோர் அடியும் தனித்தனியாகக் கேட்கும். கூட்டம் குறையக் குறையத்தான் வதை, அதிலும் கிராம சபைக்குத்தான் முதல் அடி. ஆண்டுக்கு நான்காக இருந்த கிராம சபைகள், மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து 2022 முதல் ஆறாகிவிட்டன. 500-க்கு மேல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊருக்கு 100 பேர் வந்தாலே போதும் என்பது விதி. எங்கள் ஊரில் அந்த நூறு பேரும் கதவோரமாகவே உட்காருவார்கள். சென்ற கிராம சபையில் வரவு செலவு வாசிக்கப்பட்டபோது, குடிநீர்க் குழாய்க்கு ஆன செலவு நாற்பதாயிரமா நாலாயிரமா என்று என் பக்கத்திலிருந்த பெரியவர் எழுந்து கேட்டார். அவருக்குக் கிடைத்த பதிலும் சுவர்களுக்கிடையே கரைந்தது. காதில் விழாத தீர்மானத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். வேப்பமரத்தடியில் கூடிய காலத்தில் காக்கைகளை மீறியாவது ஏதோ கேட்டது.

இந்தக் கூடத்தை வைதபடியே இருந்துவிடவும் எனக்கு மனம் வருவதில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது, கீற்று வீடுகளை இழந்த குடும்பங்களோடு நாங்களும் அங்கேதான் தங்கினோம். தரையெங்கும் கோரைப்பாய் விரித்து, குடும்பத்துக்குக் குடும்பம் மறைப்பு வேண்டும் என்று கொடிக்கயிறு கட்டிச் சேலைகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். தோப்பு முழுவதையும் பறிகொடுத்த ஒருவர், எத்தனை தென்னை சாய்ந்தது என்று இரண்டு சேலைக்கு அப்பால் தம் மனைவியிடம் தணிந்த குரலில் சொன்னது, எண்ணிக்கை பிசகாமல் எனக்குக் கேட்டது. துக்கத்துக்கு நடுவிலும், எதிரொலி எங்கே போயிற்று என்று நான் வியந்தது நினைவிருக்கிறது.

ஆகவேதான் மராமத்து என்றதும், சுவர்களில் தென்னை நார்ப் பாய்களை அடிக்கும்படி மனுக் கொடுத்தேன். நார் எங்கள் வட்டாரத்தில் வாசல்தோறும் குவிந்து கிடக்கும் பொருள். அவர்களோ ஆள் உயரத்துக்குப் பளபளக்கும் ஓடுகளைப் பதித்துவிட்டார்கள். துடைப்பதற்கு எளிதாம்! இப்போது செருப்பைக் கழற்றிப் போடும் ஓசைகூட இரண்டு முறை கேட்கிறது.

எண்பது பேர் கூடும் வளைகாப்புக்கு இந்தக் கூடம் வேண்டாம் என்பதே நண்பருக்கு என் பதில். என் மகளின் திருமணத்துக்கு வருகிற தை மாதத்தில் இதே கூடத்தைப் பதிவு செய்திருப்பதை அவர் சுட்டிக்காட்டுவார். அதற்கு ஐந்நூறு பேர் வருகிறார்கள். இவ்வளவுக்குப் பிறகும் முன்பணம் கட்டியே தீருவேன் என்று நண்பர் நின்றால், முதல் நாள் மாலையே ஜமுக்காளங்களையும் பழைய சேலைகளையும் கொண்டுபோய்ச் சுவரோரம் கட்டிவிடட்டும். கொடிக்கயிறு என்னிடம் இருக்கிறது.