இ-பாஸா, இரவுக் கட்டணமா?

கூட்டமே மலைச் சுற்றுலாவைக் கெடுத்துவிடும். அதற்கு நீலகிரி வண்டியை எண்ணுகிறது. பூட்டான் தலைக்கு வசூலிக்கிறது.

ஊட்டிக்கு வண்டியில் போக 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது இணையத்தில் எடுக்கும் அனுமதிச் சீட்டு. 2025 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவால் உச்சவரம்பும் வந்தது: சீசனில் ஒரு நாளைக்கு, வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. அரசுப் பேருந்துக்கு விலக்கு. பாஸ் இலவசம், காசில்லாதவருக்கும் மலை திறந்தே இருக்கிறது. ஆனால் கல்லாறு சோதனைச் சாவடியில் ஒவ்வொரு பாஸாகப் பார்க்க, வரிசை நீளும். அறை போட்டவருக்குப் பாஸ் கிடைக்காவிட்டால் நஷ்டம் லாட்ஜுக்கு.

பூட்டான் 2022 செப்டம்பரில் வெளிநாட்டவருக்கு ஓர் இரவுக்கு 200 டாலர் அரசுக் கட்டணம் என்றது. மறு ஆண்டே 100 ஆகக் குறைத்தது. இந்தியருக்கு 1,200 ரூபாய். கஜானாவுக்கு நல்லதுதான், ஆள் குறைந்தால் முதலில் அடிபடுவது சின்ன விடுதிக்காரர்.

ஊட்டிக்குக் கட்டணம் ஒத்துவராது. இ-பாஸ் வரம்பு வண்டிக்குத்தானே, ஆளுக்கு இல்லையே? மலையடிவார மேட்டுப்பாளையத்தில் காரை நிறுத்த இடமும் கூடுதல் பேருந்தும் தந்தால் வியாபாரம் குறையாது.