பிய்ந்துபோன ரப்பர் கால்

நண்பன் பெங்களூரு சிவாஜிநகரிலிருந்து இரவு பத்தரைக்குக் கூப்பிட்டான். மேசையை நகர்த்தும்போது சிபியு சரிந்து தரையில் இடித்துவிட்டதாம். "ஒண்ணும் ஆகியிருக்காதுல்லடா?" ஆறு வருஷமாக ஒரே டெஸ்க்டாப்போடு குடும்பம் நடத்துகிறவனிடம் கேட்கலாம்தான். ஆனால் போன மாதம்தான் அதற்கு ஐயாயிரத்துச் சொச்சம் தண்டம் அழுதிருக்கிறேன். பதில் கொஞ்சம் சூடாகத்தான் வரும்.

2019 கடைசியில் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் பொருள் பொருளாக வாங்கி அசெம்பிள் செய்தது. 2022இல் ஈஜிபுராவிலிருந்து அல்சூருக்கு வீடு மாற்றினோம். குட்டி யானையிலிருந்து இறக்கும்போது லோடு தூக்கிய தம்பிக்குப் படி தவறி, பெட்டி முழங்கால் உயரத்திலிருந்து மூலை குத்தி விழுந்தது. "ஏனூ ஆகல்ல சார்" என்று கன்னடத்தில் சொன்னான், ஒன்றும் ஆகாதாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. உள்ளே கொண்டுபோய் ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ரேம் ஒரு முனையில் மட்டும் எழும்பி நின்றது. எடுத்து, பென்சில் அழிக்கும் ரப்பரால் துடைத்து, 'டக்' என்று கேட்கும்வரை அழுத்தியதும் உயிர் வந்துவிட்டது. செலவு பூஜ்யம். மூலைத் தகரம் நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். அன்று அந்தப் பெட்டியைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஒன்றை மட்டும் கவனிக்கவில்லை. அடியிலிருந்த நான்கு ரப்பர் கால்களில் ஒன்று பிய்ந்து எங்கேயோ போயிருந்தது.

அதிலிருந்து மூன்று வருஷம் பெட்டி ஆடிக்கொண்டே இருந்தது. கால் பட்டால் 'டிக்', நாற்காலியை இழுத்தால் 'டிக்'. கல்யாணப் பத்திரிகையை நாலாக மடித்து முட்டுக்கொடுத்தேன். அம்மா தரை துடைக்கும்போதெல்லாம் அது நனைந்து கூழாகும், அடுத்த பத்திரிகை வரும். எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்குப் பஞ்சமில்லை.

போன மாதம் அம்மா பத்திரிகை நனையக் கூடாது என்று பெட்டியின் ஒரு பக்கத்தை இரண்டு அங்குலம் தூக்கி, அதை உருவிவிட்டுக் கீழே விட்டார். உள்ளே படங்கள் காப்பி ஆகிக்கொண்டிருந்தன. 'டொக்'. அப்புறம் 'க்ளிக்... க்ளிக்...' சத்தம். காப்பி அப்படியே நின்றது. டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் மஞ்சள், அதாவது எச்சரிக்கை. ஜனவரியில் பார்த்தபோது பூஜ்யமாக இருந்த பெண்டிங் செக்டர், அதாவது டிஸ்க் படிக்க முடியாமல் திணறும் இடங்களின் எண்ணிக்கை, நூறைத் தாண்டியிருந்தது.

முழங்கால் உயரத்தில் பிழைத்தது இரண்டு அங்குலத்தில் போனது எப்படி? ஹார்டு டிஸ்க்கில் நிமிஷத்துக்கு 7,200 முறை சுற்றும் தட்டின்மேல், படிக்கும் தலை சில நானோமீட்டர் இடைவெளியில் மிதக்கிறது. அணைத்துவிட்டால் அது ஒதுங்கிப் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால்தான் இந்த மாதிரி டிஸ்க்குகளின் விவரத்தாளில் ஓடும்போது புவியீர்ப்பைப் போல 70 மடங்கு, அணைந்திருக்கும்போது 300 மடங்கு என்று தாங்கும் அளவை இரண்டாகப் போடுகிறார்கள். இரண்டு அங்குலம் என்பது 50 மில்லிமீட்டர். டைல்ஸ் தரையில் அரை மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் அடி ஏறத்தாழ 100 மடங்கு. 5 மில்லிமீட்டர் அமுங்குகிற ரப்பர் இருந்தால் வெறும் 10. அன்று நசுங்கிய தகரம் அடியை வாங்கிக்கொண்டது. இங்கே வாங்கிக்கொள்ள ரப்பர் இல்லை.

நியாயமாகச் சொன்னால், டிஸ்க் ஏற்கெனவே 17,000 மணி நேரம் ஓடியது, தானாகவேகூடப் போயிருக்கலாம். விண்டோஸ் இருந்த எஸ்.எஸ்.டி.க்கு ஒரு கீறலும் இல்லை, அதில் சுழல எதுவும் கிடையாது. ஆனால் தங்கச்சி மகளின் காதுகுத்துப் படங்களில் பாதிதான் மீண்டது. மீதி அம்மாவின் வாட்ஸ்அப்பில் மங்கலாகக் கிடக்கிறது. அந்த வீட்டில் உட்கார்ந்து நியாயம் பேச முடியுமா?

நண்பனிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "ஓடிக்கிட்டிருந்துதா, ஆஃப் பண்ணியிருந்தியா?" ஆஃப் என்றான். "அப்ப பயப்படாதே. உடனே போடாம, முதல்ல பக்கத்தைத் திற. கிராஃபிக்ஸ் கார்டு தொங்குதா, பிராசசர்மேல இருக்கிற கூலர் சாய்ஞ்சிருக்கா, கேபிள், ரேம் எல்லாம் ஆடுதான்னு பார். எல்லாத்தையும் அழுத்திவிட்டுட்டுப் போடு." அரை மணி நேரத்தில் திரையைப் படமெடுத்து அனுப்பினான். அவன் கொடுத்துவைத்தவன்.

இத்தனை வருஷத்தில் இந்தப் பெட்டி என்னை ஒரு நாளும் வேலையில் கைவிட்டதில்லை. அதைவிட உறுதியான பொருள் வீட்டில் ஆட்டுக்கல் மட்டும்தான். இருந்தாலும் இன்றைக்கு யாராவது டெஸ்க்டாப் வாங்கலாமா என்று கேட்டால், போன படங்களை நினைத்து வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

ரப்பர் கால் மட்டும் கிடைக்குமா என்று எஸ்.பி. ரோட்டில் நான்கு கடை ஏறினேன். மூன்றில் புது கேபினெட்டையே காட்டினார்கள், நான்காவதில் சிரித்தார்கள். கடைசியில் அல்சூர் இரும்புக் கடையில் கட்டில் காலுக்குப் போடும் ரப்பர் நான்கு, அறுபது ரூபாய். நான்கையும் மாட்டி நிறுத்தினேன். அம்மா ஒரு விரலால் தள்ளிப் பார்த்தார்.

"இப்பவும் ஆடுதுடா."

டைல்ஸ்காரர் சரியாகப் பதிக்கவில்லை போலிருக்கிறது. தரைதான் மேடு பள்ளம்.