காற்றடித்தாலும் படகை நேராக ஏற்றலாம்: கைடு போஸ்ட் நீண்டகாலப் பாவனை அனுபவம்

படகு ட்ரெய்லரின் பின்முனையில் இரண்டு கைடு போஸ்ட், அதாவது ஏறும் படகை நேராக வழிநடத்தும் நிமிர்ந்த கம்பங்கள், பூட்டிப் பல கோடைகள் ஓடிவிட்டன. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: தயங்காமல் வாங்குங்கள். ஆனால் படகை ஏற்றும்போது ட்ரெய்லரைத் தண்ணீரில் எவ்வளவு ஆழத்துக்கு இறக்குவது என்பதை முதலில் பழகிக்கொள்ளுங்கள். அது பிடிபடாவிட்டால் கம்பம் பாதி வேலைதான் செய்யும்.

எங்களுடையது 4.8 மீட்டர் அலுமினியப் படகு. ட்ரெய்லரின் நடுவில் ரப்பர் ரோலர்கள், இரு பக்கமும் கம்பளம் சுற்றிய நீள மரச்சட்டங்கள். மெல்பேர்ன் போர்ட் பிலிப் விரிகுடாவில்தான் பெரும்பாலும் இறக்குவோம். கோடையில் காலையில் அமைதியாக இருக்கும் தண்ணீரில் பிற்பகல் ஆனதும் தெற்கிலிருந்து கடற்காற்று எழும். எல்லோரும் கரைக்குத் திரும்பும் நேரமும் அதுதான். படகின் முன்முனையான அணியத்தை வின்ச் (படகை ட்ரெய்லரில் இழுத்தேற்றும் கைச்சுழல்) பட்டியில் கொளுவிய பிறகு அது அசையாது. பின்பக்கம் மிதந்துகொண்டே இருக்கும். காற்று அதை ஒரு பக்கமாகத் தள்ள, படகு கோணலாகச் சட்டத்தில் அமரும். அப்படியே இழுத்துப் போனால் ஒரு பக்கச் சில்லுக்குப் பாரம் கூடும், வேகம் எடுத்தால் ட்ரெய்லர் ஆடும், அலுமினிய அடித்தகடும் தாங்கல் இல்லாத இடத்தில் அடிவாங்கும்.

கைடு போஸ்ட் என்பது நாகம் (சிங்க்) பூசிய இரும்புக் கால்மேல் பிவிசி குழாய், அவ்வளவுதான். படகுக்கும் கம்பத்துக்கும் இடையில் பக்கத்துக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டுப் பூட்டியிருக்கிறேன். தாராளமாக விட்டால் அந்த அளவுக்குக் கோணவும் இடம் கொடுத்ததாகிவிடும். அகலம் கூட்டும்போது ஆஸ்திரேலியாவின் 2.5 மீட்டர் உச்ச வரம்பையும் பார்க்க வேண்டும். நான் எதிர்பாராத பயன் ஒன்று: வெறும் ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது கண்ணாடியில் அது தெரிவதே இல்லை. கம்பங்கள் வந்த பிறகு இரண்டு முனையும் தெளிவாகத் தெரிகின்றன. இதற்காகவே கொடுத்த காசு தகும்.

இனி ஆழம். மிக ஆழமாக இறக்கினால் படகு சட்டங்களைத் தொடாமல் மேலேயே மிதக்கும். கம்பங்களுக்கு இடையில் வந்தாலும் அடிமுதுகு நடு ரோலரில் விழாது. ஆழம் குறைந்தால் வின்சில் முறிந்து இழுக்க வேண்டும். எங்கள் ட்ரெய்லருக்கு மட்கார்டின் மேல்விளிம்பு தண்ணீருக்குச் சற்று வெளியே தெரிவதே சரியான அளவு. அப்போது முன்பாதி ரோலரில் அழுந்தி நேராகும், பின்பாதியைக் கம்பங்கள் பிடிக்கும். ராம்பின் (படகு இறக்கும் சரிவுத் தளத்தின்) சரிவு கூடினால் இந்த அடையாளம் மாறும்: முன்பக்கம் சரியாக இருக்கும்போதே பின்முனை ஆழத்தில் கிடக்கும், அங்கே படகு ஆடும். அதனால் புது ராம்ப் என்றால் முதலில் குறைவாக இறக்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

எஞ்சினை முடுக்கி ஏற்றுவது எனக்குப் பிடிக்காது. விசிறி தள்ளும் தண்ணீர் கொங்கிறீட் முடியும் இடத்தில் மண்ணை அரித்துக் குழி பறிக்கும்; அடுத்து வருபவரின் சில்லு அதில் இறங்கும். படகை மெல்ல ட்ரெய்லரோடு சேர்த்து, மிச்சத்தை வின்சில் எடுங்கள்.

காரை நகர்த்தி, படகின் பாரம் ட்ரெய்லரில் இறங்கும் கட்டத்தில் நிறுத்திப் பின்னாலிருந்து ஒருமுறை பாருங்கள். கோணியிருந்தால் மேலே கொண்டுவந்து தள்ளிப் பார்ப்பதில் பயனில்லை. திரும்பத் தண்ணீருக்குள் விட்டு மிதக்கவையுங்கள். நவம்பரில் ஸ்னாப்பர் மீன் பிடிக்கும் காலத்தில் பின்னால் வரிசை நீண்டு நின்றாலும் நான் இதைத் தவறவிடுவதில்லை.

பராமரிப்பு பெரிதாக இல்லை. குழாய் வெயிலில் வெளுத்து மொறமொறத்துவிட்டது, ஆனால் இன்னும் உடையவில்லை. கம்பத்தை ட்ரெய்லரோடு பிடிக்கும் யு-போல்ட்கள்தான் கவனிக்க வேண்டியவை: நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், பருவம் தொடங்குமுன் இறுக்க வேண்டும். ஒன்று தளர்ந்தால் கம்பம் திரும்பிப் படகைத் தவறான பக்கம் தள்ளும். விளக்குகளைக் கம்பத்தின் உச்சிக்கு மாற்றிய பிறகு அவை உப்புத்தண்ணீரில் முங்குவதே இல்லை.

பக்கத்து விரிகுடாவான வெஸ்டர்ன் போர்ட்டில் மட்டும் கம்பத்தை நம்பி இருக்க முடியாது. போர்ட் பிலிப்பின் வாய் குறுகலானதால் உள்ளே வற்று-பெருக்கு ஒரு மீட்டருக்கும் குறைவு. வெஸ்டர்ன் போர்ட்டில் அது பல மடங்கு, நீரோட்டமும் பலமானது. அங்கே போனால் மச்சான் பின்கயிற்றோடு நீர் வரும் பக்கத்து ஜெட்டியில் நிற்பார். "விடாதையுங்கோ மச்சான், இன்னும் கொஞ்சம்" என்றபடி நான் வின்சைச் சுற்றுவேன்.