மண் கார்பன் என்று சொல்லி நாற்பதாயிரத்தைப் பறித்தார்கள்: பதிவு செய்யும் முன் படியுங்கள்

வயல் மண்ணில் கார்பனைச் சேர்த்தால் ஆண்டுதோறும் பணம் வரும் என்று விளம்பரப்படுத்தும் ஒரு கைபேசிச் செயலியில், பதிவுக்கும் மண் பரிசோதனைக்குமாக நாற்பதாயிரம் கட்டி ஏமாந்திருக்கிறேன். என் நிலத்துக்குக் கார்பன் கிரெடிட் (மண்ணில் சேரும் கார்பனுக்குத் தரும், விற்றுக் காசாக்கக்கூடிய சான்று) கிடையாது என்ற செய்தி நேற்று மாலைதான் வந்தது.

அவர்களுடைய களப்பணியாளரை ஏன் நம்பினேன் என்று இரவெல்லாம் யோசித்தேன். வரப்பில் நின்று பேசிவிட்டுப் போகாமல் வயலுக்குள் இறங்கி, குத்துக்காலிட்டு அமர்ந்து, மட்கிக் கிடந்த பயிர்த்தாளை விலக்கி, ஒரு மண்கட்டியைக் கையால் உடைத்து, உள்ளே ஓடிய வேரிழைகளையும் நெளிந்த மண்புழுவையும் காட்டினார். "எத்தனை வருஷமா உழாம விட்டிருக்கீங்க, ஐயா?" என்றார். உழாமல் பயிரிட்டால் மண்ணில் கார்பன் தங்கும் என்பதால், ஆறு ஆண்டுகள் என்று பெருமையோடு சொன்னேன். "அப்போ உங்களுக்குத்தான் நிறைய வரும்" என்றார். மண்ணை அறிந்தவர் என்று எண்ணி, அங்கேயே நாற்பதாயிரத்தை அனுப்பினேன்.

அந்த ஆறு ஆண்டுகளைக் காட்டித்தான் இப்போது என்னை நிராகரித்திருக்கிறார்கள். திட்டத்தில் சேர்ந்தபின் செய்யும் மாற்றத்தால் கூடுதலாகச் சேரும் கார்பனுக்கே பொதுவாகக் கிரெடிட் உண்டு. முன்பே உழவை விட்டவனிடம் அந்தக் கூடுதல் ஏது? இதை முதல் நாளே, தன் கையாலேயே, படிவத்தில் எழுதிக்கொண்டவர் அவர்.

மாதிரி எடுத்த லட்சணத்தையும் சொல்ல வேண்டும். மேல்மண்ணில் ஒரு பிடி அள்ளிப் பையில் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான். 30 சென்டிமீட்டர் ஆழம் வரையாவது எடுத்து, மண்ணின் அடர்த்தியையும் அளந்தால்தான் ஹெக்டேருக்கு எத்தனை டன் என்று கணக்கிட முடியும். உழாத நிலத்தில் கார்பன் மேலடுக்கில் குவிவதால், ஒரு பிடி மேல்மண் எப்போதும் மிகையான அளவையே காட்டும். ஓராண்டில் மண்ணின் எடையில் ஒரு சதவீதம் அளவுக்குக் கார்பன் கூடும் என்று வேறு சொன்னார். கன மீட்டருக்கு 1.3 டன் அடர்த்தியுள்ள மண் அந்த 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஹெக்டேருக்கு 3,900 டன். அதில் ஒரு சதவீதம் 39 டன். நிலத்தைப் போர்த்தி வைக்கும் மூடுபயிர் வளர்த்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்குச் சேர்வது ஏறத்தாழ டன்னில் மூன்றில் ஒரு பங்கு! இந்தக் கணக்கைப் பணம் கட்டிய பிறகு போட்ட என்னை என்னவென்பது?

பதினான்கு மாதங்கள் அலைக்கழித்தார்கள். செயற்கைக்கோள் படம் வரவில்லை என்றார்கள். தணிக்கையாளர் விடுப்பில் என்றார்கள். களப்பணியாளர் வேலையை விட்டுவிட்டாராம். நாற்பதாயிரத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "சேவைக் கட்டணம் திரும்பாது" என்று ஒரே வரியில் பதில்.

விரிவாக ஆலோசனை எழுதத்தான் அமர்ந்தேன், கோபத்தில் முடியவில்லை. முன்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். எவ்வளவு ஆழத்தில் மாதிரி எடுப்பார்கள், எத்தனை ஆண்டுகள் உழக்கூடாது, இடையில் உழ நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். ஏற்கெனவே உழாமல் இருப்பவரானால், அதைச் சொல்லி, தகுதி உண்டா என்று எழுத்தில் பதில் வாங்கியபிறகு மட்டுமே கையெழுத்திடுங்கள்.