உயர்தர மாணவரின் பதகளிப்பு: தலையில் மாட்டும் கருவியா, விரலைக் கவ்வும் உணரியா?

உயர்தரப் பரீட்சை நெருங்கினால், கொழும்பு வெள்ளவத்தையில் என்னிடம் இரசாயனவியல் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் சோற்றையும் தூக்கத்தையும் விட்டுவிட்டு பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்காக இரண்டு கருவிகளைச் சில மாதங்கள் பயன்படுத்திப் பார்த்தேன்: மெய்நிகர்க் காட்சியோடு தியானம் பழக்கும் தலைக்கருவி; நாடித்துடிப்பைத் திரையில் காட்டும் பயோஃபீட்பேக் உணரி.

தலைக்கருவி முதல் நாளே பிள்ளைகளை ஈர்த்துவிடும். கண்ணை மூடினாலே கேள்வித்தாள் வந்து நிற்கும் பிள்ளைக்கு, கண்ணைத் திறந்தபடியே இருக்க அமைதியான ஓர் இடம் கிடைக்கிறது. வெளியே காலி வீதியின் (Galle Road) ஹார்ன் சத்தமும் தள்ளிப்போகிறது. இதற்காகவே அதை நான் ஒதுக்கமாட்டேன். ஆனால் அரைக் கிலோ கனம். கொழும்புப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் முகப்பஞ்சு வியர்வையில் ஊறிவிடும். காட்சி நகர்ந்தால் கண் 'போகிறோம்' என்கிறது, உட்செவி 'இருந்த இடத்தில்தான் இருக்கிறோம்' என்கிறது; குமட்டல் வருகிறது. வாங்குவோர் நகராத காட்சிகளையே தேர்ந்தெடுங்கள்.

உணரியின் வேலை வேறு. மூச்சை உள்ளே இழுக்கையில் இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடுகையில் மெதுவாகவும் துடிக்கும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்று குறைத்தால் இந்த ஏற்ற இறக்கம் நன்றாக விரியும். உடலை ஆற்றும் வேகஸ் நரம்பின் வேலை அது. ஆளுக்காள் இந்த வேகம் சிறிது மாறும்.

ஒரு மாணவி விரலை வைத்தபோது திரையில் ஒன்றுமே வரவில்லை. விரல் பனிக்கட்டிபோல் இருந்தது. பயத்தில் விரல் நுனி இரத்தக்குழாய்கள் சுருங்கிவிடும். ஒளியால் இரத்த ஓட்டத்தை அளக்கும் உணரிக்குப் பிடிபடாது. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி மீண்டும் வைத்தாள். முதலில் நாடித்துடிப்பைக் காட்டும் கோடு ரம்பப் பற்களாக ஓடியது. மூச்சை மெதுவாக்க, நான்காம் நிமிடத்தில் அலையாகத் திரண்டது. "சேர், இது என் இதயமா?" என்று கேட்டாள். இவ்வளவு நாளும் தனக்கு எதிரி என்று நினைத்திருந்த இதயம் தன் மூச்சுக்குக் கட்டுப்படுவதை அவள் கண்ணால் பார்த்தாள்.

குறை இதிலும் உண்டு. செயலி தரும் மதிப்பெண்ணைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் அதற்கும் போட்டி போடுகிறார்கள், பதற்றம் கூடுகிறது. திரையில் மதிப்பெண் வரும் மூலையைக் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டேன்.

என் தெரிவு உணரிதான். பரீட்சை மண்டபத்துக்குள் எந்தக் கருவிக்கும் இடமில்லை. பழகிய மூச்சு மட்டும் கூடவே போகும். அமைதியாக உட்காரவே முடியாத பிள்ளைக்கு முதல் இரண்டு வாரம் தலைக்கருவியைக் கொடுத்து, பிறகு உணரிக்கு மாற்றுகிறேன். பல நாள் உறங்காத, வாழ்வே வெறுத்துப் பேசுகிற பிள்ளைக்கு இரண்டும் போதாது. அங்கே உளவளத்துணையாளர் வேண்டும்; தேசிய மனநல உதவி எண் 1926-ஐ வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த மாணவி இப்போது வகுப்புக்கு முன் கரையோர வீதியில் கடலைப் பார்த்தபடி ஐந்து நிமிடம் மூச்சுவிட்டுவிட்டு வருகிறாள். உணரியைக் கேட்பதில்லை.